ரி.எஸ்.எச். 18.6 என்றால் தைரொயிட் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா?

மூன்றுசில்லு (ஞாயிறு, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஓட்டோ ஓடுகிறேன். படிப்பு ஓ.எல். வரைக்கும்தான், விஞ்ஞானத்தில் சாதாரண சித்தி. கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 61 வயது. மாசி மாதத்தில் இருந்து ஆள் ஒரு மாதிரி. சித்திரை வெயிலில் ஊரே வெந்து கிடக்க, அம்மா மட்டும் சால்வை போர்த்திக்கொண்டு முற்றத்தில் வெயில் காய்ந்தார். கிழமைக்கு ஒரு தடவையாவது "தம்பி, கன்னியாவுக்குக் கூட்டிப் போ" என்பார். வெந்நீர்க் கிணறு ஏழிலும் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக்கொள்வார். பக்தி கூடிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். சாப்பாடு குறைந்தது, ஆனால் நிறை ஏழு கிலோ கூடியது. முகம் அதைத்தது. எல்லாவற்றையும் விடக் குரல். கோயிலில் அம்மா பதிகம் பாடினால் வீதி வரைக்கும் கேட்கும். அந்தக் குரல் கரகரத்துத் தடித்துப்போய், பக்கத்தில் நின்ற ஒரு அக்கா "யார் ஐயா பாடுகிறது?" என்று பகிடி விட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதார்.

இரத்தம் சோதித்தோம். ரி.எஸ்.எச். 11.4. தைரொட்சின் குளிசை 50 மைக்ரோகிராம் எழுதினார்கள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பச் சோதித்தால் 18.6. உடனே 50ஐ 75 ஆக்கிவிட்டார்கள்.

இங்கேதான் எனக்குப் பிடிபடவில்லை. மேல் எல்லை 4 என்று துண்டிலேயே அச்சடித்திருக்கிறது. அம்மாவுக்கு 18.6. அதாவது தைரொயிட் நாலு மடங்குக்கு மேலே கூடிக் கிடக்கிறது. கூடிக் கிடக்கிறவருக்கு இன்னும் தைரொயிட் மருந்தா? வழிகிற தாங்கிக்குள் மேலும் பெற்றோல் அடிப்பது மாதிரி இல்லையா? குளிசை போட்டதால்தான் 11 பதினெட்டு ஆனது என்று பெரியம்மாவும் சொல்கிறார். கேட்டு விளங்கிக்கொள்ளலாம் என்றால் அன்றைக்கு கிளினிக்கில் சனம் அலை மோதியது, எங்களுக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். புதன்கிழமையில் இருந்து குளிசையை நிற்பாட்டி வைத்திருக்கிறேன். தங்கச்சி என்னோடு சண்டை, கதைப்பதில்லை.

முன்கூட்டியே ஒன்று. "குளிசை ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டார்" என்று யாரும் எழுத வேண்டாம். அம்மா இந்த விஷயத்தில் மணிக்கூடு. காலை ஆறு மணிக்குத் தைரொயிட் குளிசை, எலும்புக்குக் கொடுத்த கல்சியம், இரத்தக் குறைவுக்குக் கொடுத்த இரும்புச்சத்து, மூன்றையும் உள்ளங்கையில் வைத்துப் பால் தேத்தண்ணியோடு ஒரே விழுங்கு. ஒரு நாள் தவறியதில்லை.

ஐஸ்பெட்டி (ஞாயிறு, இரவு 10.15)

தம்பி, இது அயடீன் பற்றாக்குறை. என் சித்திக்கும் இருந்தது, கழுத்து வீங்கி. கடல் மீனை நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள், கறிக்கு உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போடுங்கள், மரவள்ளிக்கிழங்கையும் கோவாவையும் அடியோடு நிறுத்துங்கள். மீன் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் காலையில் ஐந்து மணிக்கே சந்தையில்தான் நிற்பேன். சீலா, பாரை எல்லாம் இப்போது நல்ல விலைக்குப் போகிறது.

ஓய்வூதிய வாத்தி (ஞாயிறு, இரவு 11.05)

தம்பி மூன்றுசில்லு, விளக்கம் பிறகு. முதலில் குளிசையைத் திரும்பத் தொடங்க வேண்டும். நாளைக்கே கிளினிக்குக்கோ எழுதித் தந்த வைத்தியரிடமோ போய், நாலு நாள் நிற்பாட்டியதை ஒளிக்காமல் சொல்லி, எந்த அளவில் தொடங்குவது என்று கேளுங்கள். நான் வைத்தியர் அல்ல, 31 வருடம் உயிரியல் படிப்பித்தவன். ஆனால் நீங்கள் விட்ட பிழை என் உயர்தர வகுப்பில் ஒவ்வொரு வருடமும் பாதிப் பிள்ளைகள் விட்ட பிழை. அதனால் அதை எனக்கு நன்றாகத் தெரியும்.

துண்டில் இருக்கிற அந்த எண் தைரொயிட்டுடையது அல்ல. பெயரை முழுவதாக வாசியுங்கள்: தைரொயிட்டைத் தூண்டும் ஓமோன். தூண்டுகிறவன் வேறு, தூண்டப்படுகிறவன் வேறு. அதைச் சுரப்பது கழுத்தில் இருக்கும் சுரப்பி அல்ல, மூளைக்கு அடியில் ஒரு பட்டாணி அளவில் தொங்கும் கபச்சுரப்பி.

கரைவலை இழுப்பதை நீங்கள் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். கயிற்றில் இருபது முப்பது பேர், கரையில் சம்மாட்டி. வலை சுகமாக ஏறி வருகிற அன்றைக்குச் சம்மாட்டி என்ன செய்கிறார்? வெற்றிலையைப் போட்டுக்கொண்டு சும்மா நிற்கிறார். இழுக்கிறவர்கள் களைத்து, வலை அசையாமல் கிடக்கிற அன்றைக்குத்தான் தொண்டை கிழியக் கத்துகிறார். வீதியில் ஓட்டோவில் போகிற ஒருவருக்கு வலை தெரியாது, கத்தல் மட்டும் கேட்கும். "அப்பாடி, இன்றைக்கு என்ன இழுவை!" என்று அவர் நினைத்தால் அது எவ்வளவு பிழை! கத்தல் கூடினால் இழுவை குறைவு. ரி.எஸ்.எச். அந்தக் கத்தல். தைரொயிட் சுரக்கும் தைரொட்சின்தான் இழுவை. அம்மாவின் கபச்சுரப்பி 18.6 அளவுக்குக் கத்துகிறது என்றால், கழுத்துச் சுரப்பியால் இழுக்க முடியவில்லை என்று பொருள். குளிசை என்பது வெளியில் இருந்து கூலிக்குப் பிடித்த ஆள். வலை நகரத் தொடங்கியதும் கத்தல் தானாக அடங்கும்.

சம்மாட்டிக்கு மேலேயும் ஓர் ஆள் உண்டு. மூளையில் பரிவகக்கீழ் என்ற பகுதி. அது கபச்சுரப்பிக்கு ஒரு ஓமோன் அனுப்பும், கபச்சுரப்பி தைரொயிட்டுக்கு ஒன்று அனுப்பும், தைரொயிட் இரத்தத்தில் விடும் தைரொட்சின் உடம்பெல்லாம் சுற்றித் திரும்பி வந்து மேலே இருக்கிற இரண்டு பேரையும் "போதும்" என்று அடக்கும். இதைத்தான் எதிர்ப் பின்னூட்டல் என்று கரும்பலகையில் வட்டம் வட்டமாகக் கீறிக் காட்டுவேன். பிள்ளைகள் வட்டத்தைப் பாடமாக்கிவிட்டு, ரி.எஸ்.எச். கூடினால் நோயாளிக்கு என்ன என்று கேட்டால் "தைரொயிட் கூடிவிட்டது சேர்" என்பார்கள். வட்டத்தை விட்டுவிட்டுக் கரைவலைக்குப் போன பிறகுதான் எனக்கே நிம்மதி.

நீங்கள் எழுதிய அறிகுறிகளைப் பாருங்கள். தைரொட்சின்தான் உடம்பின் ஒவ்வொரு கலமும் எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்று தீர்மானிக்கிறது. அது குறைந்தால் அடுப்பு தணிகிறது. குளிர், களைப்பு, மலச்சிக்கல், முடி உதிர்வு எல்லாம் அதன் பின்னால் வரும். குறைவு நீடித்தால் தோலின் கீழும் குரல் நாண்களிலும் ஒரு பசைப் பொருள் தேங்கி நீரைப் பிடித்து வைக்கும். முகம் அதைப்பதும் குரல் தடிப்பதும் அதனால்தான். அம்மா கன்னியாவுக்குக் கேட்டது பக்தியாகவும் இருக்கலாம், ஆனால் உடம்புக்குள் குறைந்த சூட்டை வெளியில் தேடியிருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

ஒரு பழைய கதை சொல்ல ஆசை. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜோர்ஜ் மரே என்ற இளம் வைத்தியரிடம் 46 வயதுப் பெண் ஒருவர் வந்தார். உங்கள் அம்மாவின் வருத்தமேதான், முற்றிப்போன நிலை. மரே செம்மறியாட்டின் தைரொயிட்டைச் சாறாக்கி அவருக்கு ஊசியாக ஏற்றினார். பிறகு அதை வாயால் கொடுத்தார்கள். அந்தப் பெண் இன்னும் 28 வருடம் வாழ்ந்து, 74 வயதில், 1919இல் இறந்தார். அதற்குள் 870க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி அவருக்குள் போயிருந்தது. உங்கள் அம்மாவுக்கு ஒரு ஆடும் வேண்டாம், நெல்மணி அளவுக் குளிசை ஒன்று போதும்.

ஐஸ்பெட்டி, கோபிக்க வேண்டாம். அயடீன் குறைந்தாலும் தைரொயிட் சோரும் என்பது உண்மை. தைரொட்சின் மூலக்கூறு ஒன்றில் நாலு அயடீன் அணுக்கள் இருக்கின்றன. ஆனால் 1995 முதல் இலங்கையில் உணவு உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயம். அயடீன் போதுமான இடத்தில் இந்த வருத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் சுரப்பியைத் தாக்குவது. 1912இல் அதை விவரித்த யப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோவின் பெயரால்தான் அழைக்கிறார்கள். அங்கே அயடீனை அள்ளிக் கொடுத்தால் சுரப்பி இன்னும் சுணங்கவும் கூடும். இன்னொன்று: கடல் உப்பில் அயடீன் நிறைய இருக்கும் என்று நம் ஊரில் எல்லோரும் நினைக்கிறோம். உப்பளத்தில் விளைந்தபடியே அள்ளுகிற உப்பில் அது பேருக்குத்தான். பக்கற்றில் வருவது சேர்த்தது. மரவள்ளி அளவோடு சாப்பிடட்டும், பாவம். மீனும் சாப்பிடட்டும், ஆனால் மருந்தாக அல்ல.

தம்பி, ஒரு வேலை செய்யுங்கள். துண்டில் ரி.எஸ்.எச்.க்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். எப்.ரி.4 என்று. இரத்தத்தில் கட்டுப்படாமல் ஓடும் தைரொட்சினின் அளவு அது.

மூன்றுசில்லு (திங்கள், காலை 6.20)

சேர், இருக்கிறது. நான் சிவப்பு மையால் வட்டம் போட்ட வரியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். எப்.ரி.4 0.6. பக்கத்தில் "எல்" என்று ஓர் எழுத்து. எல்லை 0.8 முதல் 1.8 என்று போட்டிருக்கிறது.

ஆக, இழுவை குறைவு. பெற்றோல் வழியவில்லை, தாங்கி காய்ந்து கிடக்கிறது. எரிபொருள் முடிகிறது என்று மினுங்குகிற விளக்கைப் பார்த்துவிட்டு, தாங்கி நிறைந்துவிட்டது என்று சொன்ன ஆள் நான். வெட்கமாக இருக்கிறது. தங்கச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆனால் சேர், ஒன்று இடிக்கிறது. கூலிக்கு ஆள் பிடித்து இரண்டு மாதம். கத்தல் குறைய வேண்டும். 11இல் இருந்து 18க்கு ஏன் ஏறியது?

ஓய்வூதிய வாத்தி (திங்கள், காலை 7.00)

நல்ல கேள்வி. சாதாரண சித்தி என்று இனிச் சொல்லாதீர்கள். பதில் எனக்கு உடனே வரவில்லை. சுரப்பி மேலும் சோர்ந்திருக்கலாம். ஆனால் வேறு ஏதோ இருக்கிறது போலவும் படுகிறது.

கிண்ணியா பாமசி (திங்கள், பகல் 1.30)

தம்பி, சேர் பாடத்தைப் பார்த்தார், நான் உங்கள் அம்மாவின் உள்ளங்கையைப் பார்க்கிறேன். நீங்கள் பெருமையாக எழுதிய கடைசிப் பந்தியில்தான் பதில் இருக்கிறது.

கல்சியமும் இரும்புச்சத்தும் தைரொட்சினோடு ஒரே நேரத்தில் வயிற்றுக்குள் போனால் அதைப் பிடித்துக் கட்டிவிடும். கட்டுப்பட்ட மருந்து குடலால் உள்ளே போகாது, அப்படியே வெளியேறிவிடும். போதாக்குறைக்குப் பால் தேத்தண்ணி வேறு. அம்மா ஒரு நாள் தவறாமல் குடித்தார், ஒரு நாளும் ஒழுங்காக உள்ளே போகவில்லை. கூலிக்காரர் வந்தார், வாசலிலேயே இரண்டு பேர் மறித்து வைத்துக்கொண்டார்கள்.

நான் இங்கே 14 வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன். இந்தக் குளிசையைக் கொடுக்கும்போது உறையில் "சாப்பாட்டுக்கு முன்" என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது என்று எங்கள் உம்மாவுக்கு இந்த வருத்தம் வந்த பிறகுதான் விளங்கியது. இப்போது ஒவ்வொருவரிடமும் கேட்பேன்: "இதோடு வேறு என்ன போடுகிறீர்கள்? எதோடு குடிக்கிறீர்கள்?" பின்னால் நிற்கிற ஆக்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

செய்ய வேண்டியது இதுதான். எழும்பியவுடன் வெறும் வயிற்றில் தைரொட்சின் மட்டும், பச்சைத் தண்ணீரோடு. அதன் பிறகு அரை மணியில் இருந்து ஒரு மணி நேரம் ஒன்றும் வேண்டாம், தேத்தண்ணியும் வேண்டாம். கல்சியத்துக்கும் இரும்புச்சத்துக்கும் குறைந்தது நாலு மணித்தியாலம் இடைவெளி. அந்த இரண்டையும்கூட ஒன்றாகப் போடாதீர்கள், கல்சியம் இரும்புச்சத்தை மறிக்கும். ஒன்று பகல், ஒன்று இரவு. எங்கள் உம்மா சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போது குளிசை, தொழுது குர்ஆன் ஓதி முடித்த பிறகு தேத்தண்ணி. நோன்பு காலத்தில் மட்டும் வைத்தியரைக் கேட்டு, இரவு படுக்கப் போகும்போது, சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் கழித்துப் போடுவார்.

இப்போது முக்கியமான விஷயம். 50 உள்ளே போகிறது என்ற கணக்கில்தான் அதை 75 ஆக்கியிருப்பார்கள். ஒழுங்காகப் போகவில்லை என்பது எழுதியவருக்குத் தெரியாது. இனி நீங்கள் முறையாகக் கொடுத்தால் 75உம் முழுதாக உள்ளே போகும். அது கூடிப்போனால் நெஞ்சு படபடக்கும், 60 தாண்டியவர்களுக்கு இதயத் துடிப்பு தாளம் தப்பும், எலும்பும் மெலியும். அதனால் குளிசைப் பக்கற் மூன்றையும் பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வைத்து, எப்படிக் குடித்தார் என்று சொல்லுங்கள். இரண்டு நிமிடம் போதும் அதற்கு.

ஐஸ்பெட்டி (திங்கள், பின்னேரம் 4.50)

சேர், கோபம் ஒன்றும் இல்லை. எனக்குச் சீனி வருத்தம், எட்டு வருடம். அங்கேயும் இந்தச் சம்மாட்டிதான் கத்துகிறாரா?

ஓய்வூதிய வாத்தி (திங்கள், இரவு 8.10)

இல்லை ஐயா. இதில் எனக்கு ஒரு பாவமன்னிப்பு வேண்டும். கபச்சுரப்பி "தலைமைச் சுரப்பி" என்று 20 வருடமாவது குறிப்புக் கொடுத்திருக்கிறேன். பாதி உண்மை. தலைமைக்கே பரிவகக்கீழ் உத்தரவு போடுகிறது என்பது ஒன்று. தலைமையைக் கேட்காமலே வேலை பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பது மற்றது. இன்சுலின் சுரக்கும் சதையி (கணையம்) அப்படித்தான். தன் வழியாக ஓடும் இரத்தத்தைத் தானே ருசி பார்க்கும். குளுக்கோசு ஏறினால் இன்சுலின், இறங்கினால் குளுக்ககன். தைரொயிட்டின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு அரிசி அளவில் நாலு சுரப்பிகள் இருக்கின்றன, அவையும் இரத்தத்தில் கல்சியத்தைத் தாமே அளந்து பார்க்கும். உங்கள் வருத்தத்தில் பெரும்பாலும் நடப்பது, இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் காதில் வாங்காமல் விடுவது. போகப் போகச் சதையியும் களைக்கிறது.

வேகமும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதம். தம்பிக்கு இது விளங்கும்: இரவில் பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் ஓட்டோவில் போகும்போது புள்ளிமான் ஒன்று குறுக்கே பாய்ந்தால் என்ன நடக்கும்? பிரேக் பிடித்து முடிவதற்குள் நெஞ்சு அடிக்கும், கை வியர்க்கும். அதிரீனல் சுரப்பிக்கு நரம்பு நேரடியாகக் கட்டளை போட்டுவிடும். அதிரீனலின் இரத்தத்தில் நிற்பது சில நிமிடம்தான், மான் மதிலுக்கு அப்பால் போக நீங்களும் பழையபடி ஆகிவிடுவீர்கள். தைரொட்சின் அப்படி இல்லை. இரத்தத்தில் இருப்பதில் பாதி கழிய ஏறக்குறைய ஏழு நாள். ஆகவேதான் நீங்கள் நாலு நாள் நிற்பாட்டியும் அம்மாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பெரியம்மா அதைப் பார்த்து "பார், மருந்து இல்லாமலே நன்றாக இருக்கிறாள்" என்று சொல்லியிருப்பாரே?

பாமசிப் பிள்ளைக்கு என் வணக்கம். 31 வருடப் படிப்பில் தேத்தண்ணிக் கோப்பை எங்கேயும் வரவில்லை.

மூன்றுசில்லு (புதன், இரவு 9.15)

பெரியம்மா அதே வார்த்தையைத்தான் சொன்னார் சேர்.

இன்று போய் வந்தோம். பாமசி அக்கா சொன்ன மாதிரி மூன்று பக்கற்றையும் மேசையில் வைத்தேன். வைத்தியர் அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, 75ஐ வெட்டி 50 என்று எழுதினார். ஆறு கிழமை கழித்துத் திரும்பச் சோதிக்க வேண்டுமாம். ஏன் அவ்வளவு என்று கேட்க நினைத்தேன், பிறகு சேரின் ஏழு நாள் கணக்கு ஞாபகம் வந்தது. பழைய அளவு கழிந்து புதிய அளவு நிலைக்கவே அஞ்சு கிழமை போகும், அதற்குப் பிறகுதானே கத்தல் எவ்வளவு என்று கேட்க முடியும்? சரிதானே சேர்?

அம்மாவுக்கு ஒரே கவலைதான். ஆறு மணித் தேத்தண்ணி ஏழுக்குப் போய்விட்டது.

ஓய்வூதிய வாத்தி (புதன், இரவு 9.30)

சரி. முழுப் புள்ளி.

மூன்றுசில்லு (ஆவணி, சனி, இரவு 8.45)

பழைய திரியைக் கிளப்புவதற்கு மன்னிக்கவும். இரத்தம் சோதித்துத் துண்டு வந்தது. ரி.எஸ்.எச். 5.1, எப்.ரி.4 1.0, பக்கத்தில் எழுத்து ஒன்றும் இல்லை. இப்போதைக்கு இதே அளவு, இன்னும் இரண்டு மாதத்தில் பார்ப்போம் என்றார்கள். நிறை இரண்டு கிலோ இறங்கியிருக்கிறது. குரல் முழுதாகத் திரும்பவில்லை, உச்சத்துக்குப் போனால் இன்னும் உடைகிறது. ஆனால் வெள்ளிக்கிழமை பாடினார். தங்கச்சி கதைக்கிறாள், கதைக்கிறதை விட நையாண்டிதான் கூட.

இன்று கன்னியாவுக்கு ஒரு வெளிநாட்டுச் சோடியை ஏற்றிப் போக இருந்தது. "வாங்கோ அம்மா, முன் சீற்றில் இடம் இருக்கு" என்றேன். சால்வையை மடித்து அலுமாரியில் வைத்துக்கொண்டே, "உனக்கு விசரா? இந்தக் கச்சான் வெக்கையில் யார் போய் வெந்நீரில் குளிக்கிறது?" என்றார்.